ஹெர்ட் தீவுக்குப் போய்வர ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரியில் நின்று தெற்கே பார்த்தால் தெரிவது கடல் மட்டுமே. அதே கடலில் சற்று மேற்கே சாய்ந்து ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர் போனால் ஹெர்ட் தீவு வருகிறது. நம் கடிகாரத்துக்கும் அந்தத் தீவின் நேரத்துக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் அங்கே ஊர் இல்லை, துறைமுகம் இல்லை, விமானம் இறங்க இடம் இல்லை. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான அந்தப் பகுதியில் நிரந்தரமாக ஒருவர்கூட வாழவில்லை.

2025 ஏப்ரலில் அமெரிக்கா வெளியிட்ட இறக்குமதி வரிப் பட்டியலில் ஹெர்ட் தீவும் மெக்டொனால்ட் தீவுகளும் 10 சதவீதத்தோடு இடம்பிடித்தன. பென்குயின்களுக்கு வரியா என்று உலகமே பேசியது. அதன் பிறகுதான் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்தது. அங்கே போக முடியுமா என்ற கேள்வியும் எழுந்தது. முடியும். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பணமும் பொறுமையும் இருந்தால் போதும் என்று நினைத்துக் கிளம்பக்கூடாத இடம் அது. மனிதன் கொண்டுவந்த எலி, முயல், பூனை எதுவும் குடியேறாத தீவு. உலகில் அப்படி மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. அதைப் பார்க்கப் போகிறவர் அதைக் கெடுக்காமல் திரும்ப வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

தெற்கு அட்சரேகை 53 டிகிரி. பெர்த் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். பரப்பு 368 சதுர கிலோமீட்டர். தீவின் பெரும்பகுதி பிக் பென் என்ற ஒரே எரிமலை. அதன் உச்சியான மாசன் சிகரத்தின் உயரம் 2,745 மீட்டர். இன்றும் உயிருள்ள எரிமலை அது. உடம்பெல்லாம் பனியாறு போர்த்தியிருக்கும். மேகம் விலகினால்தான் உச்சி தெரியும், பல பயணங்களில் அது விலகுவதே இல்லை.

1853 நவம்பரில் அமெரிக்கக் கப்பல் தலைவர் ஜான் ஹெர்ட் இதைக் கண்டார். 1855 முதல் சீல் வேட்டைக்காரர்கள் வந்திறங்கி எண்ணெய்க்காக யானை சீல்களைக் கொன்று குவித்தார்கள். வேட்டையாட மிருகம் குறைந்ததும் கிளம்பிவிட்டார்கள். 1947 டிசம்பரில் பிரிட்டனிடமிருந்து ஆஸ்திரேலியா இதைப் பெற்று, அட்லஸ் கோவ் என்ற வளைகுடாவில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. 1955-ல் அதுவும் மூடப்பட்டது. 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பக்கத்திலிருக்கும் மெக்டொனால்ட் தீவுகளை உங்கள் திட்டத்திலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். அங்கே இறங்க வலுவான அறிவியல் காரணம் வேண்டும். 1971-லும் 1980-லும் ஆக இரண்டே இரண்டு முறை மனிதர்கள் இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. அதற்குப் பின் 1990-களில் எரிமலை வெடித்து, தீவின் பரப்பே இரு மடங்காகிவிட்டது.

எப்போது போவது என்றால் தென் கோளத்தின் கோடை, அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை. கோடை என்றாலும் அட்லஸ் கோவில் சராசரி வெப்பம் 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி வீசியதும் பதிவாகியிருக்கிறது. குளிரைவிட ஈரமும் காற்றும் சேர்ந்துதான் ஆளை வீழ்த்தும். உடைகளை அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

அனுமதி

கப்பலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அனுமதியைப் பற்றிக் கேளுங்கள். இந்த ஆட்சிப்பகுதிக்குள் நுழைவதற்கே அனுமதி வேண்டும். 1987-ல் இயற்றப்பட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதை வழங்குவது டாஸ்மேனியாவில் இருக்கும் ஆஸ்திரேலிய அண்டார்க்டிக் பிரிவு.

தனி ஆளாக விண்ணப்பித்துப் போவது நடைமுறையில் நடக்காது. பயணத்தை நடத்துகிறவர் மொத்தக் குழுவுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பார். எந்தக் கப்பல், எத்தனை பேர், எந்தக் கரையில் எத்தனை நாள், என்ன செய்வார்கள், எண்ணெய் கசிந்தால் என்ன ஏற்பாடு, ஆள் அடிபட்டால் என்ன ஏற்பாடு என்று எல்லாவற்றுக்கும் பதில் கேட்பார்கள். ஆகவே பயண நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அனுமதி கைக்கு வந்துவிட்டதா, இல்லை இனிமேல்தானா?" இனிமேல்தான் என்றால், அது கிடைக்காமல் போனால் பணம் திரும்பி வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அனுமதிக் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தீவு முழுக்க மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கு மேற்கே அட்லஸ் கோவ், கிழக்கே ஸ்பிட் பே போன்ற சில இடங்கள். பழைய நிலையத்தின் இடிபாடுகள் இருக்கும் பகுதி பாரம்பரிய மண்டலம். மற்றதில் பெரும்பகுதி வனமாகவே விடப்பட்டது. எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது கப்பலில் ஏறும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிரோன் பறக்கவிட, கூடாரம் அடிக்க, எதையாவது மாதிரி எடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக அனுமதியில் இடம் இருக்க வேண்டும்.

கப்பல், விசா, காப்பீடு

இந்தத் தீவுக்கு வாடிக்கையாகப் போகும் கப்பல் சேவை கிடையாது. அபூர்வமாக ஏதாவது சுற்றுலாக் கப்பல் அறிவிக்கும்; இல்லையென்றால் ஒரு நோக்கத்தோடு சேர்ந்த குழு கப்பலையே வாடகைக்கு எடுக்கும். ஹாம் ரேடியோக்காரர்கள் 1997-லும் 2016-லும் அப்படித்தான் போனார்கள். 2016-ல் அவர்கள் கேப் டவுனில் கிளம்பி, வேலை முடிந்ததும் ஃப்ரீமாண்டிலில் வந்து இறங்கினார்கள். வானொலி, மலையேற்றம், பறவை ஆர்வம் என்று ஏதாவது ஒரு துறையில் உங்களுக்கு உண்மையான பயிற்சி இருந்தால் அத்தகைய குழுவில் சேர வாய்ப்பு கூடும்.

பெரும்பாலும் பெர்த்தை அடுத்த ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து கிளம்ப வேண்டியிருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போனாலே எட்டு நாளுக்கு மேல். கடல் அவ்வளவு இடம் கொடுக்காது. போக பத்துப் பன்னிரண்டு நாள், திரும்ப அதே அளவு, தீவில் சில நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதம் போய்விடும். முன்னும் பின்னும் ஒரு வாரமாவது கையில் வையுங்கள். திரும்பும் விமானச் சீட்டை மாற்றிக்கொள்ளக்கூடியதாக எடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பலமுறை நுழைய இடம் தரும் ஆஸ்திரேலிய விசா எடுக்க வேண்டும். கப்பல் கிளம்பினால் நீங்கள் ஆஸ்திரேலியாவைவிட்டு வெளியேறியதாகக் கணக்காகலாம். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போய்த் திரும்பும்போது துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

காப்பீட்டில் கஞ்சம் வேண்டாம். அங்கிருந்து நோயாளியை விமானத்தில் தூக்கி வர வழியில்லை. கால் முறிந்தாலும் குடல்வால் வீங்கினாலும் கப்பல் மருத்துவர்தான். கப்பல் கரை சேரும்வரை அவர் செய்வதுதான் சிகிச்சை. கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே இதயம், சர்க்கரை, பல் எல்லாவற்றையும் பரிசோதித்துவிடுங்கள். பல் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு தெற்குக் கடலுக்குப் போகாதீர்கள். தினமும் போடும் மாத்திரையைத் தேவையைப்போல் இரண்டு பங்கு எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள்.

மூட்டை கட்டுவது

இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் மிக முக்கியமான வேலை வீட்டிலேயே, கூடத்துத் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மாக்குவாரித் தீவு இதே தெற்குக் கடலில் இருக்கிறது. கப்பலில் வந்த எலியும் சுண்டெலியும், வேட்டைக்காரர்கள் கொண்டுவிட்ட முயலும் அந்தத் தீவின் சரிவுகளை மொட்டையடித்துப் பறவைக் கூடுகளைச் சூறையாடின. அவற்றை ஒழிக்க ஆஸ்திரேலியா ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் செலவிட்டு, பல ஆண்டு உழைத்து, 2014-ல்தான் தீவு விடுபட்டதாக அறிவித்தது. தென்னாப்பிரிக்காவின் மரியன் தீவில் சுண்டெலிகள் கூட்டில் உட்கார்ந்திருக்கும் அல்பட்ராஸ் பறவைகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. எலி என்ற ஒன்றை அறியாமல் வளர்ந்த பறவை. கடிக்கும்போதும் எழுந்து போகத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஹெர்ட் தீவில் இது நடக்கவில்லை. நடக்காமல் பார்த்துக்கொள்வது கப்பல்காரரின் வேலை மட்டுமில்லை.

எலியைக் கப்பல்காரர் பார்த்துக்கொள்வார். விதையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். 2007-08 கோடையில் அண்டார்க்டிகா சென்றவர்களின் உடைகளையும் பைகளையும் ஆராய்ந்தபோது, விதை ஒட்டிக்கொண்டு வந்தவர்களிடம் ஆளுக்குச் சராசரி 9.5 விதை இருந்தது. ஹெர்ட் தீவில் 1987-ல் போவா அன்னுவா என்ற அயல் புல் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பனி விலகிய நிலத்தில் அது பரவிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

முடிந்தால் கரையில் போடும் பூட்ஸ், மேலுடை, பை எல்லாம் புதிதாக வாங்குங்கள். பழையதுதான் என்றால் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெல்க்ரோதான் மோசமான இடம். அந்த முள் வரிசைக்குள் புல் விதை சிக்கினால் துவைத்தாலும் போகாது; பூதக்கண்ணாடி ஒரு கையில், சிறு இடுக்கி மறுகையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிறகு சட்டைப் பையை வெளியே இழுத்து மூலைத் தையலைப் பாருங்கள். காலுறையின் உள்பக்கம், தொப்பியின் மடிப்பு, பூட்ஸ் நாடாவின் கீழ் இருக்கும் நாக்கு, அடிப்பாகத்தின் பள்ளங்கள். கேமராப் பையின் உள்ளே பஞ்சுத் தடுப்புகளைக் கழற்றி வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். முக்காலியின் கால்களை முழுக்கப் பிரித்துக் கழுவுங்கள். நம் ஊர் மலைகளில் நடந்த கால்சட்டையென்றால் நாயுருவி விதை ஒன்றாவது மடிப்பில் இருக்கும். அந்த உடை வீட்டிலேயே இருக்கட்டும்.

நமக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. எள்ளுருண்டை, எள் தூவிய முறுக்கு, கடுகு, வெந்தயம், சீரகம், கொத்தமல்லி விதை எதுவும் கரைக்குப் போகும் பைக்குள் இருக்கக் கூடாது. பையின் அடியில் சிந்திய நாலு கடுகு போதும். துளசி மணி மாலை, உருத்திராட்சம், மரப்பிடி போட்ட கத்தி ஆகியவை தாவரப் பொருள்கள். அவற்றைக் கப்பல் அறையிலேயே கழற்றி வையுங்கள். கோழிக்கறி, முட்டை, பச்சைக் காய்கறி, பழம் இவற்றைக் கரைக்கு எடுத்துப் போக நினைக்கவே வேண்டாம். கோழிகளின் நோய் கடல் பறவைகளுக்குத் தொற்றும் அபாயம் உண்டு.

கப்பலில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னும் பின்னும் பூட்ஸைத் தூரிகையால் தேய்த்து, விர்கான் போன்ற கிருமிநாசினிக் கரைசலில் முக்கச் சொல்வார்கள். கையெழுத்து வாங்குவார்கள். வரிசையில் நின்று சலித்துப்போய் மேலோட்டமாகத் தேய்ப்பவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கடலில்

தெற்கே 40 டிகிரியைத் தாண்டியதும் மேற்குக் காற்றைத் தடுக்க நிலம் அதிகம் இல்லை. அலை உலகைச் சுற்றி வரும். குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டால் வயிற்றில் நிற்காது. மருத்துவரிடம் கேட்டு வாங்கிய மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போடுங்கள். இஞ்சி மரப்பா பலருக்கு உதவும். படுக்கையில் குறுக்காகப் புரளாமல் இருக்க இரு பக்கமும் துணியை உருட்டி அணை கொடுங்கள். மாடிப்படியில் ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும்.

கரையேறுவது

கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். ரப்பர் படகில் கரைக்குப் போக வேண்டும். படகுத்துறை கிடையாது. அலை உடையும் கருமணல் கரையில் குதித்து இறங்குவதுதான் வழி. 1965-ல் வாரிக் டீக்காக் தலைமையில் ஐந்து பேர் பிக் பென் உச்சியில் முதன்முதலில் ஏறினார்கள். பட்டனேலா என்ற பாய்மரக் கப்பலை ஓட்டிச் சென்றவர் புகழ்பெற்ற மலையேறி எச். டபிள்யூ. டில்மன். தீவருகே நிற்க இடமில்லாமல் அவர் அவர்களை இறக்கிவிட்டு கெர்குலன் தீவுக்குப் போய்க் காத்திருந்து, பிறகு வந்து அழைத்துப் போனார். அப்படிப்பட்ட கரை.

படகில் ஏறும்போது நீர் புகாத உடை, மிதவை அங்கி, கைகள் இரண்டும் காலி. இறங்கச் சொன்னால் அலைக்கு இடையிலான நொடியில் இறங்குங்கள்; நின்று படம் எடுக்காதீர்கள். கேமரா நீர் புகாப் பையில் இருக்கட்டும்.

நாள் முழுக்கக் கரையில் இருக்கத் திட்டமென்றாலும், பல நாளுக்கான உணவும் ஒதுங்கக் கூடாரமும் குழுவோடு கரைக்கு வந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1929-ல் அண்டார்க்டிக் ஆய்வாளர் டக்ளஸ் மாசனின் குழு சில நாள் இருக்கலாம் என்று இறங்கியது. கடல் முரண்டு பிடித்ததால் நினைத்ததைவிட அதிக நாள் ஒரு சிறு குடிசையில் முடங்க வேண்டியதாயிற்று.

இறங்கவே முடியாமலும் போகலாம். நாலு நாள் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டுக் கப்பல் திரும்பலாம். தலைவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பணம் கட்டியிருக்கிறோம் என்று அவரை நெருக்குகிற பயணி எல்லாருடைய உயிரையும் பணயம் வைக்கிறார். இந்த ஏமாற்றத்தைத் தாங்க முடியாது என்று தோன்றினால் வேறு தீவைத் தேர்ந்தெடுங்கள். உஷுவாயாவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்குக் கோடையில் பல கப்பல்கள் போகின்றன. ரீயூனியனிலிருந்து மரியோன் டுஃப்ரேன் என்ற பிரெஞ்சுக் கப்பல் கெர்குலன் தீவுகளுக்குப் பொருள் கொண்டுபோகும்போது சில பயணிகளையும் ஏற்றிக்கொள்ளும்.

கரையில்

கோடையில் கடற்கரை விலங்குகளுக்குச் சொந்தம். யானை சீல் ஆண் மூன்று டன்னைத் தாண்டும். மண்ணில் பாறைபோல் கிடக்கும். அதற்கும் கடலுக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். உரோம சீல் சிறியது, ஆனால் வேகமாக ஓடி வந்து கடிக்கும். கடி எளிதில் சீழ் பிடிக்கும். அண்டார்க்டிகப் பயணங்களில் விலங்குகளிடமிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்பது பொது விதி. அனுமதியில் அதைவிடக் கூடச் சொல்லியிருந்தால் அதுவே விதி. மாக்கரோனி, ராஜா, ஜென்டூ, ராக்ஹாப்பர் என்று நான்கு வகைப் பென்குயின்கள் இங்கே இனப்பெருக்கம் செய்கின்றன. அவை உங்களை நோக்கி வந்தால் நகர்ந்து வழிவிடுங்கள்.

2025 நவம்பரில் ஹெர்ட் தீவின் யானை சீல்களிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானது. முந்தைய ஆண்டே அது குரோசே, கெர்குலன் தீவுகளைத் தொட்டுவிட்டது. இனி அனுமதி நிபந்தனைகள் இறுகும், சில கரைகள் மூடப்படலாம். செத்த விலங்கருகே போகாதீர்கள். தரையில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள், பையையும் கீழே வைக்காதீர்கள். தலை சுற்றுவதுபோல் நடக்கும் பறவையையோ, நடுங்கும் சீலையோ கண்டால் உடனே குழுத் தலைவரிடம் சொல்லுங்கள்.

காலடி வைக்கும் இடத்தைப் பாருங்கள். அஸோரெல்லா என்ற செடி பச்சை மெத்தையாகத் தரையோடு படர்ந்திருக்கும்; மிக மெதுவாக வளர்வது. ஒரு மிதி ஆண்டுக்கணக்கில் தழும்பாக நிற்கும். கல், மணல், ஈரமில்லாத சரளை இவற்றில் நடங்கள். கெர்குலன் முட்டைக்கோஸ் என்ற அகல இலைச் செடியைப் பழங்கால மாலுமிகள் ஸ்கர்வி நோய்க்குத் தின்றார்கள். நீங்கள் பார்த்தால் போதும்.

பழைய வரைபடத்தை நம்பி நடக்காதீர்கள். 1947-க்குப் பின் தீவின் பனியாறுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரப்பை இழந்திருக்கின்றன. கிழக்கே ஸ்டீவன்சன் பனியாறு கிலோமீட்டர்க் கணக்கில் பின்வாங்கி, பனி நின்ற இடத்தில் ஏரி நிற்கிறது. பனிச்சுவருக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய கரை எளிய வழியாகத் தோன்றும். 1952 மே மாதம் நிலையத்தைச் சேர்ந்த மூவர் அப்படிப் போனபோது அலை அடித்தது. ரிச்சர்ட் ஹோசேசன் கடலில் மூழ்கினார், அலிஸ்டர் ஃபோர்ப்ஸ் பனியைக் கடந்து திரும்பும் முயற்சியில் குளிரால் இறந்தார். அட்லஸ் கோவில் அவர்கள் நினைவாகச் சிலுவை நிற்கிறது. தனியாக எங்கும் போகாதீர்கள். வழிகாட்டி வைத்த கொடிகளைத் தாண்டாதீர்கள்.

நிலையத்தின் இடிபாடுகளிலும் வேட்டைக்காரர்களின் பழைய பொருள்களிலும் கை வைக்காதீர்கள். எலும்பு, கல், இறகு எதுவும் கப்பலுக்கு வரக் கூடாது. கழிவு அத்தனையும் கப்பலுக்குத் திரும்ப வேண்டும், சிறுநீர், மலம் உட்பட. அதற்கான கலனும் பையும் எங்கே என்று இறங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட எதையும் பிரித்தால் உறையின் கிழிந்த முனையை முதலில் சட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். அந்தக் காற்றில் விட்டால் பிடிக்க முடியாது.

திரும்பிய பின்

பூட்ஸையும் உடைகளையும் மறுபடி கழுவிக் கிருமிநாசினி போடுங்கள். ஃப்ரீமாண்டிலில் இறங்கும்போது ஆஸ்திரேலிய உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகளிடம் எங்கே போய் வந்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் பறவைக் காய்ச்சல் பரவிய தீவுக்குப் போனதைத் தெரிவியுங்கள்.

குழு தன் அறிக்கையை அண்டார்க்டிக் பிரிவுக்குக் கொடுக்கும். உங்கள் படங்களில் நாளும் நேரமும் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். பனியாற்றின் முனை, ஏரிக்கரை, பென்குயின் கூட்டத்தின் எல்லை, அயல் புல் இருந்த இடம், செத்துக்கிடந்த சீல்கள் இவற்றின் படங்களை எடுத்த இடத்தைக் குறித்துக் குழுத் தலைவரிடம் கொடுங்கள். ஆராய்ச்சியாளர்களே பல ஆண்டுக்கு ஒருமுறைதான் அங்கே போக முடிகிறது. உங்கள் ஒரு படத்திலிருந்து இரண்டு பயணங்களுக்கு நடுவே பனி எவ்வளவு விலகியது என்று அவர்களால் அளக்க முடியும்.